எல்லாச் செடிக்கும் இரண்டு மில்லிமீட்டர்

ஃப்ரீமான்ட்
மார்ச் 2, 2025

அல்தாப் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் சொல்லாமல் கடிதம் தொடங்க எனக்குப் பழக்கமில்லை, அதனால் சொல்கிறேன். மரியாதை இதோடு முடிந்தது.

உங்கள் நம்பரை பிளாக் பண்ணியிருக்கிறேன். ஹஃப்சா மதினியிடம் போனைக் கொடுத்துப் பேச வைக்காதீர்கள். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவரையும் பிளாக் பண்ணும்படி செய்துவிடாதீர்கள். போனிலும் ஈமெயிலிலும் இந்த விஷயம் ஒரு வரிகூட இருக்கக் கூடாது என்று வக்கீல் மகாதேவன் அங்கிள் சொல்லிவிட்டார். அதனால்தான் பேப்பரும் பேனாவும்.

2023 ஜூலை 19. ஞாபகம் இருக்கிறதா? எனக்கு விசா ஸ்டாம்பிங் சிக்கி, நான் சென்னையில் ஏழு வாரம் உட்கார்ந்திருந்த ஜூலை. நீங்கள் பிளானோவிலிருந்து தனியாக கொலராடோவுக்கு டிரைவ் பண்ணிப் போய், வருஷா வருஷம் நாம் அளக்கிற நம் மலைச் சரிவில், தரையோடு மெத்தைபோல ஒட்டி வளரும் அறுபத்து நான்கு குஷன் செடிகளையும் அளந்து எனக்கு எக்செல் ஷீட் அனுப்பினீர்கள். மேலே தேதி போட்டு, "வெயில், லேசான காற்று" என்று குறிப்பு வேறு எழுதியிருந்தீர்கள்.

எதிர்ச் சரிவில் பைக்கா என்ற குட்டி முயல் ஜாதியை ஆராய்கிற ஒரு குழு கேமரா வைத்திருக்கிறது. தினமும் ஒரு படம் எடுக்கும். என் கட்டுரையைப் படித்த ஒருவர் அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். ஜூலை 19 அன்று நம் சரிவில் செடி இல்லை, பாறை இல்லை, வெறும் பனி. ஆகஸ்ட் ஐந்து வரைக்கும் பனி. எந்த வெயிலில் எதை அளந்தீர்கள் அண்ணே?

யூனிவர்சிட்டி என் மேல் விசாரணை வைத்திருக்கிறது. அந்தக் கட்டுரையை நம்பித்தான் என் கிரீன் கார்டு பெட்டிஷன் போயிருக்கிறது. பத்துப் பதினைந்து வருஷம் வரிசையில் நிற்காமல், ஆராய்ச்சிக்காரி என்கிற வகையில் தனியாக அப்ளை பண்ணியதற்கு என்னிடம் இருந்த ஒரே பலம் அது. கட்டுரை போனால் வேலை போகும், வேலை போனால் விசா போகும். பன்னிரண்டு வருஷம் இந்த ஊரில் நான் குப்பை கொட்டியது ஒரு எக்செல் ஷீட்டில் கரைந்தது.

வெளியாள் செய்திருந்தால் வழக்குப் போடுவேன். கூடப் பிறந்தவரை என்ன செய்வது?

நீங்கள்தான் எண்களை இட்டுக்கட்டினீர்கள், எனக்குத் தெரியாது என்று கையெழுத்துப் போட்டு யூனிவர்சிட்டிக்கு அனுப்புங்கள். முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது.

ஆஃபீஃபா

*

பிளானோ
மார்ச் 9, 2025

அன்புள்ள ஆஃபி,

வ அலைக்கும் ஸலாம்.

நோன்பு நேரத்தில் பொய் சொல்ல வராது. நோன்பு இல்லாவிட்டாலும் இதில் இனி என்ன பொய் பாக்கி இருக்கிறது? ஆமாம். நான் அளக்கவில்லை.

பதின்மூன்று மணி நேரம் ஓட்டிப் போனேன். மேலே போகிற மண் பாதையை கேட் போட்டு மூடியிருந்தார்கள். காரை விட்டு நடந்தேன். முழங்கால் வரை பனி. பன்னிரண்டாயிரம் அடியில் எனக்குத் தலை சுற்றி வாந்தி. கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் மோட்டலில் காத்திருந்தேன். மூன்றாம் நாள் ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ், நான் இல்லாமல் நடக்காது என்று மேனேஜர் கத்துகிறார்.

உனக்கு போன் பண்ணித்தான் சொல்லியிருக்க வேண்டும். பண்ணினேன். நீ எடுத்ததும் அழுதாய். கான்சலேட்டில் இன்னொரு பேப்பர் கேட்கிறார்கள், பாஸ்போர்ட்டைத் தர மாட்டேன் என்கிறார்கள் என்று அழுதாய். ஏழு வருஷத் தொடர், இந்த வருஷம் அறுந்தால் எல்லாம் போச்சு, நல்லவேளை நீங்க இருக்கீங்கண்ணே என்றாய். பனி என்று சொல்லாமலே போனை வைத்தேன்.

மோட்டலில் லேப்டாப்பைத் திறந்தேன். 2022-ஆம் வருஷத்து எண்கள் இருந்தன. இந்தச் செடி வருஷத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வளரும், உள்ளங்கை அகலத்துக்கே பல வருஷம் ஆகும் என்று நீ சொல்லியிருக்கிறாய். ஒரு ஃபார்முலா போட்டேன். எல்லாச் செடிக்கும் இரண்டு மில்லிமீட்டர் கூட்டினேன். அறுபத்து நான்குக்கும் ஒரே ஃபார்முலா. என்டர் தட்டினால் முடிந்தது. இருபது வருஷமாகச் சோம்பேறித்தனமாக கோட் எழுதுகிறவன் புத்தி.

யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தேன். அதுவும் பொய். நினைக்கவே இல்லை என்பதுதான் நிஜம்.

ஹஃப்சாவிடம் சொல்லிவிட்டேன். இஃப்தாருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு, "தங்கச்சி வயித்துல அடிச்சுட்டீங்களே" என்றாள். அதற்கப்புறம் இரண்டு நாளாகப் பேசவில்லை.

கடிதம் யூனிவர்சிட்டிக்கு அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன். உன் கோபம் நியாயம். திட்டு, தாங்கிக்கொள்கிறேன். ஆனால் பிளாக்கை எடு, உன் குரலையாவது கேட்கிறேன்.

உன் அண்ணன்
அல்தாப்

*

ஃப்ரீமான்ட்
மார்ச் 18, 2025

அண்ணனுக்கு,

நகல் கிடைத்தது. நன்றி சொல்ல வேண்டிய விஷயமில்லை இது.

அதில் ஒரு திருத்தம் வேண்டும். "சில எண்களை நானே போட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். சில என்று எழுதினால் மிச்சத்தை யார் போட்டார்கள் என்று கேட்பார்கள். "கட்டுரையின் அட்டவணையில் 2023-க்கு உள்ள எல்லா எண்களும் நான் இட்டுக்கட்டியவை" என்று மாற்றி, மறுபடி கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

அப்படி அனுப்பினால் நான் ஏமாற்றப்பட்டவள் என்றுதான் விசாரணை முடியும் என்கிறார் மகாதேவன் அங்கிள். கட்டுரையில் அந்த ஒரு வருஷத்தை மட்டும் நீக்கித் திருத்தம் போடலாம். பெட்டிஷன் தப்பிக்கும். உங்கள் பெயர் மட்டும் அடிக்குறிப்பில் வரும். உங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

செடியைப் பற்றி நான் சொன்னதில் உங்களுக்குச் சாதகமானதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். நம் குஷன் செடி, அந்த மாஸ் கேம்பியன், குளிரில் எப்படிப் பிழைக்கிறது என்று வருஷா வருஷம் அதே பாறையில் உட்கார்ந்து பாடம் எடுத்தேனே. தரையோடு ஒட்டிக் குடைமாதிரி மூடிக்கொள்ளும். வெளியே காற்று வெட்டும்போது உள்ளே பத்துப் பதினைந்து டிகிரி சூடு கூட இருக்கும். பழுத்த இலையை உதிர்க்காது, உள்ளேயே வைத்து மக்கவிட்டு அதையே மண்ணாக்கிக்கொள்ளும். வேர் ஒரு மீட்டருக்கும் கீழே போகும். ஆனால் பனி தாமதமாக உருகுகிற வருஷத்தில் அதற்கு வெயில் காலம் போதாது. அப்போது ஒரு ஓரத்தைச் சாகவிட்டுச் சுருங்கிக்கொள்ளும். வளராது. சுருங்கித்தான் பிழைக்கும். அப்படிப்பட்ட வருஷத்தில் அறுபத்து நான்கும் ஒன்றுபோல வளர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள்.

ஈத் முபாரக், முன்கூட்டியே. பிளாக்கை எடுக்கவில்லை.

ஆஃபீஃபா

*

பிளானோ
ஏப்ரல் 14, 2025

ஆஃபி,

நீ சொன்னபடி திருத்தி, பெருநாளுக்கு முந்தின நாளே அனுப்பிவிட்டேன். நீ கேட்டாய், நான் கையெழுத்துப் போட்டேன். அட்டவணையைப் பார்க்கவில்லை. உன் கட்டுரை அச்சானபோதே நான் முதல் பக்கத்தையும் நன்றி சொன்ன இடத்தில் என் பெயரையும்தான் பார்த்தேன். அதை ஆபீசில் பிரிண்ட் எடுத்து ஒட்டிவைத்திருந்தேன், இப்போது கிழித்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை யூனிவர்சிட்டியிலிருந்து ஒரு கவர் வந்தது. அட்டவணையை இணைத்து, "இந்த எண்கள்தான் நீங்கள் இட்டுக்கட்டியவையா? மே 9-க்குள் எழுத்தில் உறுதி செய்யவும்" என்று கேட்டிருக்கிறார்கள்.

பார்த்தேன். என் எண்கள் இல்லை அவை.

17-ஆம் செடி 2022-ல் 82. நான் இரண்டு கூட்டி 84 போட்டேன். அட்டவணையில் 81. 40-ஆம் செடிக்கு நான் 113 போட்டேன், அதில் 116. என் பழைய மெயிலைத் திறந்து ஷீட்டை எடுத்து வரிவரியாக வைத்துப் பார்த்தேன். அறுபத்து நான்கில் அறுபத்தொன்று மாறியிருக்கிறது. இருபத்து மூன்று செடி சுருங்கியிருக்கிறது. நான் ஒரு செடியையும் சுருக்கவில்லை ஆஃபி. எனக்கு அந்த அளவுக்கு அறிவு கிடையாது.

வேறு ஏதாவது காரணம் இருக்கும் என்று நான்கு நாளாக எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. நீ சென்னையிலிருந்து திரும்பி வந்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "எல்லாம் அளந்தீங்கதானேண்ணே?" ஆமாம் என்றேன். எப்போதும் மலையில் மஞ்சள் நோட்டில் எழுதி, அப்புறம்தான் எக்செலில் ஏற்றுவோம். அந்த நோட்டை நீ கேட்கவே இல்லை. நீ கேட்டுவிடுவாயோ என்று நான் ஆறு மாதம் பயந்து செத்தேன். மற்ற வருஷம் ஒரு எண்ணுக்கு என்னை நூறு தடவை போன் பண்ணிக் குடைகிறவள்.

போன வருஷம் மலைக்கே போகவில்லை நாம். ஃபண்டிங் இல்லை என்றாய். நான் செலவு பார்த்துக்கொள்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்று வெடுக்கென்று வைத்தாய். போய் அளந்தால் என்ன வரும் என்று உனக்குப் பயம்.

உனக்கு எப்போது தெரியும்? எழுது.

அல்தாப்

*

ஃப்ரீமான்ட்
ஏப்ரல் 19, 2025

அண்ணே,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

திரும்பி வந்த முதல் வாரமே தெரியும். ஷீட்டைத் திறந்து 2022 எண்களைக் கழித்துப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை 2, 2, 2, 2. ஸ்கூல் பிள்ளைகூட இப்படிக் காப்பி அடிக்காது. சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்புறம் உங்களுக்கு போன் பண்ணினேன். நீங்கள் ஆமாம் என்றதும் எனக்குள் என்னவோ ஆறுதலாக இருந்தது. அண்ணன் சொன்னார், நான் நம்பினேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆமாம் கிடைத்துவிட்டது.

ஜனவரியில் கட்டுரை அனுப்பியாக வேண்டும். கான்ட்ராக்ட் முடிய ஐந்து மாதம். தாமதமாகப் பனி உருகிய வருஷம் என்பதுதான் அந்தக் கட்டுரையின் உயிரே. உங்கள் எண்களை அப்படியே போட்டால் எல்லாரும் சிரிப்பார்கள். வருஷத்தை விட்டுவிட்டால் கட்டுரையே இல்லை. அதனால் நானே போட்டேன்.

சும்மா போடவில்லை. ஒவ்வொரு செடியாகக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்துப் போட்டேன். 17-க்குக் காற்றுப் பக்கம் தடுப்பு கிடையாது, ஓரம் கருகியிருக்கும், குறைத்தேன். 40 பாறைக்குப் பின்னால் இருக்கிறது, அதன் மேல் புல்லும் வேறு இரண்டு செடியும் முளைத்திருக்கின்றன, அது தாக்குப் பிடிக்கும், கூட்டினேன். ஏழு வருஷம் முட்டி போட்டுப் பார்த்தவள் நான். என் எண்கள் உங்கள் எண்களைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். அதை மட்டும் நான் அடித்துச் சொல்வேன்.

இப்போது கேட்கிறேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்கிறேன். உறுதி செய்து எழுதுங்கள். உங்களுக்கு என்ன போகிறது? நீங்கள் சிட்டிசன். இந்தத் துறையே உங்களுடையது இல்லை. உங்கள் ஆபீசில் யாரும் ஒரு செடியின் அடிக்குறிப்பைத் தேடிப் படிக்கப்போவதில்லை. எப்படியும் இட்டுக்கட்டியதாக ஒப்புக்கொண்டாகிவிட்டது. எந்த எண் என்பதில் உங்களுக்கு என்ன வித்தியாசம்? எனக்கு எல்லாமே அதில்தான் இருக்கிறது.

ஆரம்பித்து வைத்தது நீங்கள்தானே அண்ணே.

ஆஃபி

*

பிளானோ
ஏப்ரல் 26, 2025

ஆஃபீஃபா,

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை.

ஆரம்பித்து வைத்தது நான்தான். அதற்கு நான் வாதாட மாட்டேன். நான் பொய் ஷீட் அனுப்பாமல் "பனி, அளக்க முடியல" என்று ஒரு மெசேஜ் போட்டிருந்தால் நாம் இரண்டு பேரும் இப்படிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டோம். அது என் தலையில் இருக்கட்டும், நான் சாகும்வரை.

ஆனால் உன் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். "எந்த வெயிலில் எதை அளந்தீர்கள்" என்று கேட்டிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் நோன்பு முழுக்க அழுதேன். தராவீஹ் இரவுத் தொழுகையில் நின்று, என் தங்கச்சி வாழ்க்கையைக் கெடுத்துட்டேன் யா அல்லாஹ் என்று அழுதேன். பக்கத்தில் நின்றவர் என் வீட்டில் யாரோ மௌத் ஆகிவிட்டார்கள் என்று நினைத்து வந்து விசாரித்தார். பெருநாளுக்குப் புதுச்சட்டை போடவில்லை. ஹஃப்சா என்னோடு முகம் கொடுத்துப் பேசி ஒன்றரை மாதம் ஆகிறது. அத்தனைக்கும் நான் தகுதியானவன் என்று நினைத்தேன்.

நீ அந்த வரியை எழுதும்போது உனக்குத் தெரியும். ஒன்றரை வருஷமாகத் தெரியும். தெரிந்தே, ஒன்றும் அறியாதவள் மாதிரி என்னைத் திட்டியிருக்கிறாய். "எல்லா எண்களும்" என்று சேர்க்கச் சொன்னபோதும் தெரியும். நான் உனக்குப் பொய் சொன்னேன், நீ என் பாவமன்னிப்பையே பொய்யாக்கிவிட்டாய். பணமோ வீடோ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

யூனிவர்சிட்டிக்குப் பதில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். என் ஷீட்டை இணைத்திருக்கிறேன். நான் போட்டவை இவை, உங்கள் அட்டவணையில் உள்ளவை என்னுடையவை இல்லை, போன கடிதத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு, அவ்வளவுதான். யார் மாற்றினார்கள் என்று எழுதவில்லை. அது நான் சொல்ல வேண்டியது இல்லை.

மே 7-ஆம் தேதி ஆபீஸ் போகிற வழியில் ஓவர்நைட் போஸ்ட்டில் போடுவேன். அதற்கு முன்னால் நீயே போய்ச் சொல்ல நாள் இருக்கிறது. சொல்லாவிட்டாலும் போடுவேன்.

அல்தாப்

*

கொலராடோ
ஜூலை 11, 2025

அண்ணே,

மே 6-ஆம் தேதி போய்ச் சொல்லிவிட்டேன். நீங்கள் தேதி குறிக்காமல் இருந்திருந்தால் போயிருப்பேனா என்று கேட்காதீர்கள். மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றாயிற்று. பெட்டிஷனையும் நானே வாபஸ் வாங்கினேன். மே 30 வேலையில் கடைசி நாள். விசாவுக்கு அறுபது நாள் கெடு, ஜூலை 29-க்குள் கிளம்பியாக வேண்டும். மகாதேவன் அங்கிள் ஃபீஸில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல். வீட்டைக் காலி பண்ணிக்கொண்டிருக்கிறேன். இடையில் நான்கு நாள் எடுத்து இங்கே வந்தேன். யாரும் அனுப்பவில்லை. இந்த அளவை இனி யாரும் அச்சிடப் போவதுமில்லை.

பனி உருகிவிட்டது. பூக்கள் தென்பக்கம் மட்டும் திறந்திருக்கின்றன. தனியாக அளப்பது கஷ்டம். அளக்கிற காலிப்பரை ஒரு கையில் பிடித்து, நோட்டில் இன்னொரு கையால் எழுதி, காற்றில் தாள் பறக்காமல் முழங்காலை வைத்து அழுத்தி. இரண்டரை நாள் ஆனது. தடவிப் பார்த்துத்தான் சில நம்பர் தகடுகளைக் கண்டுபிடித்தேன்.

நான் காற்றுக்குத் தோற்கும் என்று குறைத்தேனே 17, அது 86 இருக்கிறது. நிறையப் பூ. பாறைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும் என்று கூட்டிய 40 செத்துப்போயிருக்கிறது. இந்த வருஷம் இல்லை, முன்பே. பாறை நிழலில் பனி கடைசிவரை நின்றிருக்கிறது, செடிக்கு வெயிலே கிடைக்கவில்லை. அதன் மேல் முளைத்த புல் மட்டும் மிச்சம். ஆறு செடி செத்திருக்கின்றன. அந்த ஆறில் ஒன்றைக்கூட நான் ஊகிக்கவில்லை. நான் சுருக்கிய இருபத்து மூன்றில் பதினான்கு 2022-ஐவிடப் பெரிதாக இருக்கின்றன.

என் எண்கள் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும் என்று உங்களிடம் அடித்துச் சொன்னேன். உங்கள் ஃபார்முலாவே தேவலை அண்ணே. நேற்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். உயிரோடு இருப்பவற்றில் பாதிக்கு மேல் உங்கள் இரண்டு மில்லிமீட்டருக்குத்தான் பக்கத்தில் நிற்கின்றன. சிரிக்கலாம் என்றால் வரவில்லை.

உங்களை நான் திட்டியது வெறும் பயம் இல்லை. திட்டும்போது அது எனக்கு நிஜமாகவே கோபமாக இருந்தது. நான் செய்ததை நீங்கள் செய்ததாக நினைத்துக்கொள்ள எனக்கு மூன்று நாள்கூட ஆகவில்லை. மதினியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். உங்களோடு பேசச் சொல்லுங்கள். இத்தனை நாள் அவர் பேசாமல் இருந்தது என் மேல் போக வேண்டிய கோபம்.

கட்டுரையைத் திரும்பப் பெற்ற அறிவிப்பின் அடிக்குறிப்பிலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். எடுக்க மாட்டார்களாம், இரண்டு பெயரும் இருக்குமாம்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். நீங்கள் கூப்பிட வேண்டும் என்பதில்லை.

ஆஃபி

*

பிளானோ
ஜூலை 17, 2025

ஆஃபி,

கடிதம் வந்தது. இரண்டு தடவை போனை எடுத்து உன் பெயரைத் தேடினேன், வைத்துவிட்டேன். பேசினால் கத்திவிடுவேன், இல்லையென்றால் சமாதானம் ஆனமாதிரி நடித்துவிடுவேன். இரண்டும் வேண்டாம் என்று தோன்றியது.

40 செத்துப்போனதைப் படித்ததும் எனக்குக் கஷ்டமாக இருந்தது. உனக்காக இல்லை, அந்தச் செடிக்காக. முதல் வருஷம் நான் பிடித்துக்கொடுத்து நீ அளந்தது அதுதான். இதை ஏன் உனக்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

ஹஃப்சாவுக்கு வாசித்துக் காட்டினேன். என்னைப் பார்த்து, "ரெண்டு பேரும் ஒரு வயித்துல பொறந்ததுதானே" என்றாள். பாராட்டா திட்டா என்று கேட்கவில்லை. அப்புறம் ஒரு டீ போட்டுக் கொடுத்தாள். நாலு மாதத்தில் முதல் டீ.

29-ஆம் தேதி விமானம் டாலஸிலிருந்தும் இருக்கிறது, பார்த்தேன். உன் புத்தகங்கள், செடிகளை அழுத்திக் காயவைக்கிற பிரஸ் எல்லாவற்றையும் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கேரேஜில் இடம் இருக்கிறது. ஹஃப்சா மாடி ரூமை ஒழித்து, புது பெட்ஷீட் போட்டு வைத்திருக்கிறாள். கிளம்பும்வரை வந்து இரு என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

அவள் சொன்னதை எழுதிவிட்டேன். நான் இன்னும் வா என்று சொல்லவில்லை. வந்தால் ஏர்போர்ட்டில் நான்தான் நிற்பேன், ஆனால் அங்கேயும் சொல்வேனா என்று தெரியாது.

அல்தாப்